பண்ணைப்புரத்துப் பாட்டுக் கோஷ்டி

மேனாட்டாரிடம் நாம் மெச்சத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. 1960-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலே கிதாரும் முரசும் ஏந்தி எத்தனையோ வாலிபர் கோஷ்டிகள் கிளம்பின. இரண்டு வருஷம் பாடிவிட்டு மூன்றாம் வருஷம் சண்டையிட்டுப் பிரிந்த கோஷ்டிக்குக்கூட அங்கே இசைத்தட்டு உண்டு, சரித்திரம் உண்டு, அதைப் படித்து உருகும் ரஸிகர்களும் உண்டு.

நம் நாட்டில் அப்படிப்பட்ட கோஷ்டி எதுவும் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலே, மலையடிவாரத்திலே, பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிலிருந்து அது புறப்பட்டது. 'பாவலர் சகோதரர்கள்' என்பது பெயர். தலைவர் பாவலர் வரதராஜன். உடன் சென்றவர்கள் தம்பிமார்களான பாஸ்கர், ராசையா, அமர்சிங்.

இவர்களுக்குச் சங்கீத சபை எதுவும் மேடை தரவில்லை. பொதுவுடைமைக் கட்சிக் கூட்டங்களே மேடை. ஜனங்களின் நாவில் ஏற்கெனவே புரளும் சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் அரசியலை ஏற்றிப் பாடுவது வரதராஜனுடைய சாமர்த்தியம். 1958-ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. போடிநாயக்கனூரிலிருந்து மலையேறினால் எட்டும் தேயிலைப் பிரதேசம் அது. கேரள ராஜ்யத்தைச் சேர்ந்ததாயினும் அங்கே தோட்டத் தொழிலாளர்களில் தமிழர் ஏராளம். அவர்களிடையே பாவலரின் குரல் முழங்கிற்று. கட்சியின் அபேட்சகர் ரோசம்மா புன்னூஸ் ஜயித்தார். அந்த ஜயத்தில் பாட்டுக்கும் பங்கு உண்டென்று இன்றும் சொல்லக் கேட்கிறோம்.

1943-ல் பிறந்த ராசையா, பதினான்கு வயதில் கோஷ்டியில் சேர்ந்தாராம். குரல் உடையாத பருவமாதலால் பெண் குரலிலும் பாடுவார். பிறகு ஏறக்குறைய பத்து வருஷம் ஊர் ஊராகப் பிரயாணம். ஆனால் தேர்தல் பாட்டுக்கு ஒரு சாபக்கேடு உண்டு: வோட்டு எண்ணி முடிந்த மறுநாள் அதை யாரும் தேடுவதில்லை. 1964-ல் கட்சியே இரண்டாகப் பிளந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் தம்பிமார் சென்னைப் பட்டணத்துக்குப் புறப்பட்டார்கள். வீட்டு ரேடியோவை விற்று, தாயார் 400 ரூபாய் கொடுத்தனுப்பியதாகச் சகோதரர்களே சொல்லியிருக்கிறார்கள். பாட்டைக் கொண்டுவந்த பெட்டி போயிற்று. பிள்ளைகள் பாட்டைத் தேடிப் போனார்கள்!

பின்கதை உலகறிந்தது. 1976-ல் 'அன்னக்கிளி' வெளிவந்தது. ராசையா இளையராஜா ஆனார். அமர்சிங் கங்கை அமரன் ஆனார். 2025 மார்ச் 8-ந் தேதி லண்டன் நகரில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. ஆனால், 'அன்னக்கிளி'யைக் கேட்கவே தமையனார் உயிரோடு இல்லை. 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தயாரித்த 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்னும் பெயரில் மட்டும் அவரைத் தம்பிமார் வாழவைத்தார்கள்.

தம்பியின் புகழ் தமையனின் நினைவைக் காப்பது அழகுதான். ஆனால் அதற்குள்ளேயே தமையன் மறைந்துவிடுவது நியாயமாகுமா? அந்த மைதானங்களில் சிறுவர்களாய் உட்கார்ந்து கேட்டவர்கள் இன்று முதியவர்கள். கம்பம், தேவாரம், போடிப் பக்கத்து நேயர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையிலுள்ள தாத்தாவிடம், "பாவலர் பாடிக் கேட்டதுண்டா?" என்று விசாரிக்கட்டும், அவர் நினைவிலிருப்பதை எழுதி வைக்கட்டும். இங்கிலாந்தில் இசைத்தட்டு செய்த காரியத்தை இங்கே தாத்தாக்களின் ஞாபகம்தான் செய்யவேண்டியிருக்கிறது. இசைத்தட்டு காத்திருக்கும், தாத்தாக்கள் காத்திருக்க மாட்டார்கள்.