உள்ள ஆள் இருக்கா?

அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு மனுப் போடப் போகிற சேரிப் பிள்ளையிடம் மார்க் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. "உள்ள ஒனக்கு ஆள் இருக்கா?" இதுதான் முதல் கேள்வி. அப்பன் மருந்தாளுநர், அத்தை தலைமைச் செவிலியர் என்று இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது வெறும் விசாரிப்பு. விருத்தாசலம் செராமிக் பட்டறையில் மண் சுமக்கிறவளின் மகளுக்கு இது தீர்ப்பு.

நமக்கு உள்ளே ஆளே இல்லையா? ஏன் இல்லை! கக்கூஸ் கழுவ, ரத்தத் துணி அள்ள, பிணவறையில் பிணம் புரட்ட, எல்லாம் நம்ம சனம்தான். அந்த வேலைக்கு எவனும் சிபாரிசு கேட்டதில்லை. பிறந்த அன்றைக்கே ஆர்டர் போட்டாச்சு. ஊசி போட, எக்ஸ்ரே எடுக்க, மருந்து கொடுக்க என்று வந்தால்தான் நாம் வெளியாள் ஆகிவிடுகிறோம்.

வெளியாளுக்கு இருக்கிற கதவு ஒன்றுதான்: பொது அறிவிப்பு, தேர்வு, இனச்சுழற்சி. நான் வங்கிக் குமாஸ்தா. எஸ்.சி. இடத்தில் உட்கார்ந்திருப்பவன். சொல்வதற்கு வெட்கமில்லை. தமிழ்நாட்டின் 69 சதவீதத்தில் எஸ்.சி.க்கு 18 (2009 முதல் அதில் அருந்ததியருக்கு 3), எஸ்.டி.க்கு 1. 200 புள்ளி ரோஸ்டரில் கணக்குப் போட்டால் 36ம் 2ம். கருணையே இல்லாத வெறும் எண்கள்தான். ஆனால் மாமன் மச்சான் உறவுக்கு எதிரே நிற்கிற எண்கள்.

இந்தக் கதவை யாரும் இடிக்கவில்லை தோழர்களே. பக்கத்தில் வேறு வேறு கதவுகளைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012இல் வந்தது. 2015இல் 7,243 செவிலியர் இடங்களுக்குத் தேர்வு வைத்தார்கள். எழுதி, ஜெயித்து, வாசல் வழியாக வந்தவர்களுக்குக் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். வருஷம் ஓடியது, 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். தேர்வில் ஜெயித்தவர்களையே திண்ணையில் நிறுத்திய நாடு இது. திண்ணை நமக்குப் புதுசா என்ன?

கொரோனாவில் பிணத்தைத் தொடச் சொந்தக்காரனே பயந்தபோது, 2020இல் அவசரமாகச் செவிலியர்களை எடுத்தார்கள். 2022 டிசம்பர் 31இல் சுமார் 2,400 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நியமன விதிப்படி எடுக்கவில்லையாம். சரி, விதியை மீறியது யார்? மனுப் போட்டவளா, ஆர்டர் போட்டவரா? அதோடு விட்டார்களா? மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக வேலை தருகிறோம் என்றார்கள். அதுவும் ஒப்பந்தம்தான். பக்கக் கதவால் வந்தாய் என்று வெளியேற்றி இன்னொரு பக்கக் கதவைக் காட்டுகிற சாமர்த்தியம்!

உச்சநீதிமன்றம் 2006இல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வில்லாமல் வந்தவர் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்றது. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், தற்காலிகமானவருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்றது. முதல் தீர்ப்பு அதிகாரிகளுக்கு மனப்பாடம். ரெண்டாவது மட்டும் மறந்துபோகும்.

"இந்தக் காலத்துல கெடச்ச வரைக்கும் லாபம், ஒப்பந்தமா இருந்தா என்ன?" என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். பசிக்கிறவன் சொன்னால் புரிந்துகொள்ளலாம். ஆனால் அது என்ன லாபம் என்பதை நான் கவுண்டருக்குள் இருந்து பார்க்கிறேன். ஒப்பந்தக்காரர் பாஸ்புக்கில் சம்பளம் ஒரு மாதம் 5ஆம் தேதி விழும், அடுத்த மாதம் 20ஆம் தேதி. கடன் மனுவில் ‘நிரந்தரமா’ என்று கேட்கிற கட்டத்திலேயே பேனா நின்றுபோகும். மேலதிகாரி கையை எங்கே வைத்தாலும் வாய் திறக்க முடியாது. அடுத்த 11 மாதம் அவன் கையெழுத்தில் இருக்கிறது. அதிலும் சாதி தெரிந்த ஊரில்!

துப்புரவு வேலையைப் பாருங்கள். அது அரசு வேலையாக இருந்தவரை கழுவினாலும் பென்ஷன் இருந்தது. மகளைப் படிக்க வைக்க முடிந்தது. இன்று அதுவும் கம்பெனிக்காரன் கையில். விளக்குமாறு மட்டும் நம் கையிலேயே இருக்கிறது, பென்ஷன் போய்விட்டது.

45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கிற தற்காலிக நியமனத்திலும் இடஒதுக்கீடு உண்டு என்று மத்திய அரசு தன் துறைகளுக்கு ஆணை வைத்திருக்கிறது. 2022இல் அதை மறுபடி வலியுறுத்தியது. அங்கே எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை. சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள், நலவாழ்வுச் சங்க வேலைக்கும் கம்பெனி வழி வேலைக்கும் இதைக் கறாராகச் செய்யட்டுமே! ஏன் தயக்கம்?

மாணவத் தோழர்களே, மனுப் போடுவதோடு நிற்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம்தான். எத்தனை இடம், எந்தப் பத்திரிகையில் அறிவிப்பு, ரோஸ்டரில் எந்தப் புள்ளி, யாருக்கு என்ன மார்க், எழுத்தில் கேளுங்கள். ஒருத்தர் கேட்டால் குறித்து வைப்பார்கள். அதனால் தெருவுக்குப் பத்துப் பேராய்க் கேளுங்கள். செவிலியர் சங்கமும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே பந்தலில் உட்காரட்டும். ஊசி பிடிக்கிற கைக்கும் விளக்குமாறு பிடிக்கிற கைக்கும் ஒரே கோரிக்கைதான்: எல்லா வேலைக்கும் அறிவிப்பு, எல்லா வேலைக்கும் ரோஸ்டர், எல்லா வேலையும் நிரந்தரம்.