இலவச லாரிப் பள்ளியும் கங்காணியின் துண்டும்

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா மகன் போன் பண்ணினான். பிராம்ப்டன்ல கிடங்கு வேலை பாக்கறவன்.

"மாமா, ஏ-இசட் லைசென்ஸ் எடுக்கப் போறேன். ஒரு லாரிக் கம்பெனி ஃபீஸ் மொத்தமும் தானே கட்டறேங்குது. ரெண்டு வருஷம் அவங்ககிட்டயே ஓட்டணும், அவ்வளவுதான். வெளிய பள்ளியில சேர்ந்தா ஏழாயிரம் டாலர். சும்மா கிடைக்கறதை விட்டுட்டு யாராவது காசு குடுத்துப் படிப்பாங்களா?"

"ஒப்பந்தத்தை அனுப்புடா"ன்னேன். நான் வரிக்கணக்கு எழுதிப் பொழைக்கறவன். ஏப்ரல் வந்தா என் மேசைக்கு முன்னாடி உட்கார்றவங்கள்ல பாதிப் பேர் லாரி ஓட்டறவங்கதான். பதினோரு பக்க ஒப்பந்தம். ஒன்பதாம் பக்கத்துல விஷயம் இருந்தது. ரெண்டு வருஷத்துக்குள்ள எந்தக் காரணத்துக்காக வேலை நின்னாலும் ஒன்பதாயிரம் டாலர், மேல வட்டி. ஏழாயிரம் ரூபா சரக்குக்கு ஒன்பதாயிரம் கடன்! அதுவும் முதல் மாசம் போனாலும் ஒன்பது, இருபத்து மூணாவது மாசம் போனாலும் அதே ஒன்பது.

"கையெழுத்துப் போடாதே"ன்னேன். கோவிச்சுக்கிட்டு போனை வச்சிட்டான். இதே கேள்வியோட நம்ம வீட்டுப் பசங்க நிறையப் பேர் நிக்கறாங்க. அதனால அவனுக்குச் சொல்ல வந்ததை இங்க எல்லாருக்குமா எழுதிடறேன்.

எனக்கு ஊர் கம்பம்மெட்டு. கீழ கம்பம், தமிழ்நாடு. மேல ஏலத்தோட்டம், கேரளா. நடுவுல கொண்டை ஊசி வளைவா மலைப்பாதை. அப்பா அந்தப் பாதையில ஒரு முதலாளியோட லாரியை ஓட்டினவர். எந்தப் பள்ளியிலயும் படிக்கலை. கிளீனரா ஏறி, வண்டி கழுவி, திட்டு வாங்கி, ஸ்டியரிங் பிடிச்சவர். அக்கா கல்யாணத்துக்கு முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கியிருந்தார்.

ஒரு மழைக்கால ராத்திரி. மேல இருந்து காபி மூட்டை ஏத்திக்கிட்டு இறங்கணும். பிரேக்குல ஏர் நிக்கலை. அப்பா போய்ச் சொன்னார். முதலாளி சத்தமெல்லாம் போடலை. "ஓட்ட முடியலைன்னா பரவாயில்லைப்பா, கணக்கை முடிச்சிட்டுப் போ"ன்னார். கணக்குன்னா அந்த அட்வான்ஸ். அப்பா முதல் கியர்லயே இறக்கினார். கிளீனர் பையன் சக்கரத்துக்குப் போடற கட்டையைக் கையில வச்சுக்கிட்டு மழையில கூடவே நடந்து வந்தான். கம்பம் வந்து சேரும்போது விடிஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்தவர் டீ கிளாசை ரெண்டு கையால பிடிச்சுக் குடிச்சது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

பின்னால ஒரு நாள் சொன்னார்: "கடன் மட்டும் இல்லைன்னா அன்னிக்கு சாவியைத் தூக்கிக் குடுத்திருப்பேன்டா."

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். கம்பெனிப் பள்ளியா, வெளிப் பள்ளியாங்கறது ஃபீஸ் கணக்கு இல்லை. உங்க கடன் யார் கையில இருக்குங்கற கணக்கு. பேங்க்ல கடன் வாங்கினா பேங்க் உங்களைப் பனியில வண்டி எடுக்கச் சொல்லாது. மாமன்கிட்ட வாங்கினா விசேஷத்துல நாலு பேச்சுக் கேக்கணும், கேட்டுக்கலாம். சாவியைக் குடுக்கறவனே கடன்காரனாவும் இருந்தா "இன்னிக்கு முடியாது"ன்னு சொல்ற வாய் அடைஞ்சு போகும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம்ம ஆளுங்களைக் கூட்டிட்டுப் போன கங்காணி, வழிச்செலவுக்கு முன்பணம் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போனான். தோட்டத்துல இறங்கும்போதே தலையில கடன். வேற தோட்டத்துக்குப் போகணும்னா "இத்தனை ரூபா கட்டினா இந்த ஆளை விடறேன்"னு தொரை எழுதித் தர்ற சீட்டு வேணும். அதுக்குப் பேரே துண்டு. ஆள் கைமாறலை, கடன்தான் கைமாறுது, ஆனா கடனோட ஆளும் சேர்ந்து போவான். 1921-ல சட்டம் போட்டு அதை ஒழிச்சாங்க.

ஒழிஞ்சதா? அமெரிக்காவைப் பாருங்க. சிஆர்எஸ்டின்னு ஒரு பெரிய லாரிக் கம்பெனி. பயிற்சி குடுத்து, 10 மாசம் ஓட்டணும், நடுவுல போனா 6,500 டாலர்னு ஒப்பந்தம் போட்டது. அப்படி ஒப்பந்தத்துல இருந்த டிரைவர்களை வேலைக்கு எடுத்ததுக்காக ஸ்விஃப்ட் கம்பெனி மேல வழக்கும் போட்டது. 2019-ல ஜூரி சிஆர்எஸ்டிக்கு 1.55 கோடி டாலர் குடுக்கச் சொல்லிச்சு. 2021-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து பண்ணிச்சு. தீர்ப்பு யார் பக்கம் போச்சுங்கறதை விடுங்க. "என் ஆளை நீ எப்படி எடுக்கலாம்"னு ஒரு முதலாளி இன்னொரு முதலாளியைக் கோர்ட்டுக்கு இழுத்த அந்தக் காட்சி... துண்டுச் சீட்டு எழுதின தொரைங்க பார்த்திருந்தா பெருமைப்பட்டிருப்பாங்க.

இன்னொண்ணு, நியூ பிரைம் கம்பெனி. பயிற்சின்னு சொல்லி 10,000 மைல் சம்பளமே இல்லாம ஓட்ட வச்சாங்கன்னு ஒலிவேரான்னு ஒரு டிரைவர் வழக்குப் போட்டார். "எங்க ஒப்பந்தப்படி கோர்ட்டுக்கே போக முடியாது, தனி நடுவர்கிட்டதான் போகணும்"னு கம்பெனி சொல்லிச்சு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் டிரைவர் பக்கம் நின்னது. அடுத்த வருஷம் கம்பெனி 2.8 கோடி டாலருக்கு சமரசம் பண்ணிக்கிச்சு. பயிற்சி உண்மையிலயே இலவசம்னா இத்தனை கோடி எதுக்குங்க?

"கனடாவுல சட்டம் இருக்கே"ன்னு சொல்வீங்க. இருக்கு. மாகாணம் தாண்டி ஓடற கம்பெனிகளுக்குப் பொருந்தற கனடா தொழிலாளர் சட்டத்துல, ஆபத்தான வேலையை மறுக்கற உரிமை எழுதியே வச்சிருக்கு. ஆனா ஒன்பதாயிரம் டாலர் தலைக்கு மேல தொங்கும்போது எந்தப் புதுப் பையன் அதை வாய்விட்டுக் கேப்பான்? தப்பா எதுவும் நடந்துட்டா பழி யார் தலையில விழும்னும் பார்த்தாச்சு. 2018 ஏப்ரல் 6, சஸ்காச்சுவன்ல ஹம்போல்ட் ஹாக்கி அணியோட பஸ்ஸும் ஒரு லாரியும் மோதிக்கிச்சு. 16 பேர் போயிட்டாங்க, 13 பேருக்குக் காயம். நிறுத்தச் சொல்ற பலகையைத் தாண்டி வந்த டிரைவர் அந்த வேலைக்குப் புதுசு. தப்பு அவர் மேல, அவரே ஒத்துக்கிட்டார். அவருக்கு 8 வருஷம் ஜெயில். அரைகுறைப் பயிற்சியோட தனியா அனுப்பின முதலாளிக்கு 5,000 டாலர் அபராதம்.

உடனே கேப்பீங்க, "அப்ப வெளிப் பள்ளி எல்லாம் யோக்கியமா?" இல்லவே இல்லை. ஒன்டாரியோவுல 2017 ஜூலை 1-லேர்ந்து ஏ லைசென்சுக்கு 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அமெரிக்காவுல 2022 பிப்ரவரி 7-லேர்ந்து அரசுப் பட்டியல்ல இருக்கற இடத்துலதான் படிக்கணும், ஆனா இத்தனை மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கணும்னு குறைந்தபட்சக் கணக்கு இல்லை. என் மேசைக்கு வந்த ஒரு தம்பி ஒரு வெளிப் பள்ளியில காசு கட்டி, ஒரே வண்டியில நாலு பேரா உட்கார்ந்து, மத்தவன் ஓட்டறதைப் பார்த்த நேரத்தையும் தன் பயிற்சி நேரமா எழுதி வாங்கிட்டு வந்தான். மலைப்பாதை இறக்கத்துல எந்த கியர்னு கேட்டேன். முழிச்சான். எங்க ஊர் கிளீனர் பையனைக் கேட்டா தூக்கத்துல சொல்லுவான்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. மோசமான வெளிப் பள்ளியில போறது காசு. சண்டை போடலாம், பதிவு பண்ணின அரசுத் துறையில புகார் குடுக்கலாம், வேற பள்ளிக்குப் போகலாம். மோசமான கம்பெனிப் பள்ளியில மாட்டினா வெளிய வரவே காசு கட்டணும்.

கம்பெனி பள்ளி நடத்தறதே பாவம்னு நான் சொல்லலை. நாமக்கல்ல அசோக் லேலண்ட் டிரைவர் பயிற்சி நிலையம் நடத்துது. அது லாரி செய்யற கம்பெனி. நல்ல டிரைவர் ரோட்டுல இருந்தா அதுக்கும் லாபம். பயிற்சி குடுக்கறதுல தப்பில்லை, அதைக் கடனாக்கிக் கால்ல கட்டறதுதான் தப்பு.

எதிர்த் தரப்புல நியாயமான வாதம் ஒண்ணே ஒண்ணு இருக்கு, மறைக்க மாட்டேன். புது லைசென்ஸ்காரனுக்கு இன்சூரன்ஸ் கிடைக்கறது கஷ்டம். "ரெண்டு வருஷ அனுபவம் இருக்கா"ன்னு எல்லாக் கம்பெனியும் கேக்கும். கம்பெனிப் பள்ளியில சேர்ந்தா வேலை உறுதி. உண்மைதான். அதனால வேற வழியே இல்லாதவங்க நாலு விஷயத்தை எழுத்துல வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போடுங்க:

1. கடன் தொகை, பயிற்சிக்கு உண்மையா ஆன செலவுக்கு மேல போகக் கூடாது. ரசீது கேளுங்க.

2. மாசா மாசம் கடன் குறையணும். பன்னெண்டு மாசம் ஓட்டினவனுக்குப் பாதியாவது கழிஞ்சிருக்கணும்.

3. கம்பெனியே வேலையை விட்டு அனுப்பினாலோ, பாதுகாப்பில்லாத வண்டியை மறுத்ததால வேலை போனாலோ கடன் ரத்து.

4. பயிற்சியில ஓட்டற மைலுக்கும் சம்பளம்.

இதுல ஒண்ணை எழுதித் தர மறுத்தாலும் எழுந்து வந்துடுங்க. வெளிப் பள்ளிக்குப் போறவங்க, காசு கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் நின்னு பாருங்க. ஒரு வண்டிக்கு எத்தனை பேர், நீங்க மட்டும் ஸ்டியரிங் பிடிக்கற நேரம் எவ்வளவு, பின்னால எடுத்து நிறுத்த எத்தனை நாள் சொல்லித் தர்றாங்க. வேலை போனவங்களுக்கு ஃபீஸ் உதவி பண்ற அரசுத் திட்டம் உங்க பக்கத்துல இருக்கான்னு வேலைவாய்ப்பு மையத்துலயும் விசாரிங்க.

வீட்டுல இருக்கற பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. வீடு வாங்க முன்பணம், மண்டபத்துல கல்யாணம், சடங்குக்கு ஹெலிகாப்டர்னு குடும்பமா சேர்ந்து காசு திரட்டறோம். ஒரு பையன் லாரி ஓட்டப் போறான்னா மட்டும் "கம்பெனியே கட்டட்டும்"கறோம். ஏழாயிரம் டாலர் நாலு வீட்டுக்குப் பெரிய காசு இல்லை.

நேத்து அவனே திரும்பக் கூப்பிட்டான். கம்பெனியில அந்த நாலையும் கேட்டானாம். "எங்க ஒப்பந்தத்தை யாருக்காகவும் மாத்தறதில்லை"ன்னுட்டாங்களாம். அக்கா பாதி போடறா, நான் பாதி போடறேன். மாசம் இருநூறு டாலர் திருப்பித் தரணும், வட்டி கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கேன். பிரேக் சரியில்லைன்னா சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடணும். அந்த மாசம் தவணை கேக்க மாட்டேன்.