சுதேசி மருந்தும் சோதனையும்

ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ஆம் ஆண்டில் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பகுதி தொடங்கினார். அந்நோயாளரின் இரத்தத்தில் மிகும் கொழுப்பைக் குறைக்க, ஆமதாபாத் ஸைடஸ் நிறுவனத்தார் நம் நாட்டிலேயே கண்டறிந்த ஸாரோக்ளிடஸார் என்னும் மருந்து 2013-இல் அனுமதி பெற்றது. உயிரணுவின் உட்கருவிலிருந்து கொழுப்பு, சர்க்கரைச் செலவை ஆளும் ஏற்பிகள் என்னும் புரதங்களில் இரு வகைகளை அது ஒருங்கே தூண்டுகிறது.

நாம் பெருமை கொள்கிறோம். ஆயினும், இதற்கு உறவான ரோஸிக்ளிடஸோன் என்னும் அந்நிய மருந்து, இருதயத்துக்குத் தீங்கு நேருமென்ற அச்சத்தால் 2010-இல் இங்கே தடுக்கப்பட்டதை மறக்கலாகாது. பரிசோதனைச் சீட்டில் கொழுப்பின் அளவு இறங்கினால் மட்டும் போதுமா? எண்ணூர் ஆலைத் தொழிலாளியின் இருதயம் நெடுநாள் காக்கப்பட வேண்டாமா? சுதேசிச் சரக்கென்று சோதனையில் சலுகை கோருவது தேசபக்தி ஆகாது. கடுஞ்சோதனையில் தேறச் செய்வதே தேசபக்தி.