வரலாற்றில் பெயர் இல்லாதவர்கள்



"டிப்ளமோ படிக்கிறவனுக்குக் கதைப் புத்தகம் எதுக்குடா? அரியரை முடிக்கிற வழியைப் பாரு!" நூலகத்தில் நாவலும் கையுமாக இருந்த என்னை நண்பன் கேட்ட கேள்வி இது. அன்று பதில் சொல்லவில்லை. இந்த மலரில் சொல்கிறேன்.

அன்று நான் படித்தது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. பரீட்சைக்கு இது ஒரு மார்க் கேள்வி. அந்த ஒரு மார்க்குக்குள் செகந்திராபாத்தில் நம்மைப் போல ஒரு மாணவன் இருக்கிறான். கிரிக்கெட் என்றால் அவனுக்கு உயிர். ஊரில் பதற்றம் ஏற ஏற, நேற்று வரை சாதாரணமாகப் பழகிய அக்கம்பக்கமே மாறிப் போகிறது. ராணுவம் வென்றதோடு பாடம் முடிகிறது. நாவலோ, பயந்து ஒடுங்கிய ஒரு முஸ்லிம் குடும்பத்தின் முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்தி வெட்கப்பட வைக்கிறது. எந்தப் பாடப்புத்தகம் இதைச் சொல்லும்?

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே நேரில் போய், தொழிலாளிகளிடம் கேட்டறிந்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். அதைப் படித்த பிறகு சோற்றில் உப்புப் போடும்போதெல்லாம் அந்த முகங்கள் ஞாபகம் வருகின்றன.

கதை என்றால் எல்லாமே சரியாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து போனார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதுதான் பிரச்சினையின் வேர். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஆனால் அது கூலிப் போராட்டத்தை விட்டுவிட்டுப் பண்ணையாரின் மனக்கோளாறைப் பெரிதாக்கிவிட்டது என்று பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானது என்பதே என் தாழ்மையான கருத்து. நம் கதையை அடுத்தவர் எழுதினால், எவ்வளவு பெரிய எழுத்தாளர் ஆனாலும் ஏதோ ஒன்று நழுவத்தான் செய்யும்.

நம் வெள்ளானூருக்கு வருவோம். 1955 ஜனவரியில் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. எங்க ஆயா சொல்லும்: "எங்கப்பா நேருவைப் பாக்க நடந்தே போனாராம். மறுநாளு விடிகாலையில கதிர் அறுக்கப் போயிட்டாராம்." தீர்மானம் வரலாற்றில் இருக்கிறது. கதிர் அறுக்கப் போனவர் எங்கே? பிறகு ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. கழனிகள் மனைகளாயின. ஆயா நாற்று நட்டது. அப்பா லேத்தில் நின்றார். நான் டிராயிங் போர்டு முன்னால் நிற்கிறேன். மூன்று தலைமுறை! எழுதி வைத்த ஒரு பக்கம்கூட எங்கள் வீட்டில் இல்லை.

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் இதற்கென்று சில பக்கங்கள் ஒதுக்குங்கள். ஆளுக்கொரு பக்கம், அவரவர் ஆயா, தாத்தாவிடம் கேட்டு எழுதுவோம். இலக்கணம் பிழையானால் பரவாயில்லை. ஆயாவுக்கு இப்போதே பாதி மறந்துவிட்டது.

நண்பா, அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதலாம். இதை எழுத அடுத்த செமஸ்டர் கிடைக்குமா?