விரலும் இரகசிய எண்ணும்

கைபேசியை விரலால் தொட்டுத் திறப்பது பெரிய சௌகரியந்தான். ஆனால் பொதுக் காரியங்களில் இறங்கியவர்களுக்கு அது எத்தகைய சௌகரியம்? கிள்ளியூர் தாலூகாவில் கனிம மணல் தோண்டும் திட்டத்தை எதிர்த்து 2024-ல் திரண்ட கரையோர மக்களைப் போன்றோர் இதைச் சற்று ஆலோசிக்க வேண்டும்.

இரகசிய எண் மனத்திலிருப்பது. விரலோ பிறர் பிடியில் அகப்படக்கூடியது. பிடித்த கையைக் கருவியின்மேல் வைத்தழுத்த ஒரு கான்ஸ்டபிள் போதும்! அரசியல் சட்டத்தின் 20(3)-ஆம் ஷரத்து, குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தமக்கே விரோதமாகச் சாட்சி சொல்ல நிர்ப்பந்திக்கலாகாது என்கிறது. ஆயினும் கைரேகை கொடுப்பது சாட்சி சொல்வதாகாதென 1961-ல் சுப்ரீம் கோர்ட்டின் பதினொரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பளித்துவிட்டது. 2022-ல் டில்லி சி.பி.ஐ. கோர்ட்டு ஒன்று, இரகசியச் சொல்லைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாகாது, ரேகையைப் பெறலாம் என்றது. சொல்லுக்கும் அந்த அரண் இல்லையென்பது 2021-ல் கர்நாடக ஹைகோர்ட்டு கொண்ட கருத்து. ஆக, சொல்லைப் பற்றி வழக்காடவேனும் இடமுண்டு, விரலுக்கு அதுவுமில்லை.

மறியலுக்குப் புறப்படுமுன் கருவியை அணைத்துவிடுவது நலம். மறுபடி இயக்கினால் அது விரலை ஏற்காது, எண்ணையே கேட்கும். அதனுள் இருப்பவை உங்கள் விஷயங்கள் மாத்திரமல்ல. உடனுழைக்கும் நண்பர்கள் அத்தனை பேருடைய பெயர்களும் அங்கேதான் இருக்கின்றன.