டர்போ டிராக்டரில் ஆயில் கசிகிறதா? டர்போவைக் கழற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்

டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விலை இறங்கிய நேரத்தில் பெரிய வண்டி வாங்கலாமா என்று பயிற்சிக்கு வரும் விவசாயிகள் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் 'டிரெம் 4' புகை விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்த வண்டிகள் பலவற்றில் காமன் ரெயில் டீசல் அமைப்பும் டர்போவும் சேர்ந்தே வருகின்றன. பழைய வண்டியைப் பராமரித்த பழக்கத்தோடு இதைத் தொட்டால் செலவு உங்களுடையது.

எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த காற்று கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். மெக்கானிக்குகள் இதை 'புளோ பை' என்பார்கள். புது இன்ஜினிலும் இது உண்டு, பயப்பட வேண்டாம். டர்போ வைத்த இன்ஜினில் சிலிண்டர் அழுத்தம் அதிகம் என்பதால் இறங்கும் காற்றும் அதிகம். அந்தக் காற்று வெளியேறும்போது ஆயிலைத் துளித்துளியாகத் தூக்கிக்கொண்டு, நீராவியும் கரியுமாகப் போகும். பழைய வண்டிகளில் பிரீதர் பைப் கீழே தொங்கும், ஆவி வெளியே போய்விடும். புது வண்டிகள் பலவற்றில் அந்த ஆவி ஆயிலைப் பிரிக்கும் ஒரு வடிகட்டி வழியாகத் திரும்பி டர்போவின் காற்று வாய்க்கே போகிறது.

அதனால் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. அதைப் பார்த்ததும் "டர்போ போச்சு" என்று சொல்கிறவரை நம்பிப் பெரிய தொகையை எடுத்து வைக்காதீர்கள்.

உண்மையான சிக்கல் பிரீதர் அடைபடும்போது வருகிறது. வெளியேற வழியில்லாத காற்று கிராங்க் கேஸுக்குள் அழுத்தமாக நிற்கும். டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால்தான் கீழே வடிந்து வர வேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் அது வடியாமல் டர்போவின் சீல் வழியாகக் கசியும். கிராங்க் ஆயில் சீலும் ஒழுகும், சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கே மேலே எழும்பி நிற்கும். இந்த நிலையில் புது டர்போ போட்டாலும் சில நாட்களில் அதுவும் கசியும். பழுதோ பிரீதர் வடிகட்டியில்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டிய மணிக்கணக்கு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆயில் மாற்றும்போதெல்லாம் இதையும் கேளுங்கள், பலர் கேட்பதில்லை.

பிரீதர் சுத்தமாக இருந்தும் ஐயம் தீரவில்லையா? இன்ஜின் சூடேறி ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். சூடான ஆயில் தெறிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு தூக்கி எறியப்பட்டால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இது முதற்கட்டச் சோதனைதான். இன்ஜினைப் பிரிக்கும் முன் கம்ப்ரஷன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ரிங் சீக்கிரம் தேய்வதற்கு நம் வயலில் முதல் காரணம் தூசி. புழுதி உழவிலும் கதிரடிப்பிலும் ஏர் ஃபில்டர் விரைவில் அடைபடும். அடைபட்டால் டர்போ காற்றை வலுவாக இழுக்கும், பிரீதர் வழியாக ஆயிலையும் சேர்த்து இழுக்கும். ஃபில்டரைத் தரையில் தட்டிச் சுத்தம் செய்யும் பழக்கத்தையும் விடுங்கள், காகிதம் கிழிந்தால் தூசி நேரே உள்ளே போகும். ஆயிலை மேல் கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் ஆவி கூடும். "கூடக் கொஞ்சம் இருக்கட்டும்" என்பது சாம்பாருக்குச் சரி, சம்புக்குச் சரியில்லை.

இப்போது சில இடங்களில் பிரீதர் குழாயை டர்போ வாயிலிருந்து பிடுங்கி, பழைய வண்டி மாதிரி தொங்க விடுகிறார்கள். அதை மட்டும் செய்ய விடாதீர்கள். பிடுங்கிய துளையைச் சரியாக அடைக்காவிட்டால், ஃபில்டரைத் தாண்டாத புழுதிக் காற்று நேரே டர்போவுக்குள் போகும். வேகமாகச் சுற்றும் அந்தச் சக்கரத்தை மண் அரித்துவிடும், பிறகு ரிங்கையும் தின்னும். வாரன்டியும் கேள்விக்குறியாகும். கார்க்காரர்கள் மாட்டுவது போல ஆயில் பிடிக்கும் டப்பா மாட்டலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். குழாய் சிறியதாக இருந்தாலோ டப்பா நிரம்பினாலோ அதுவே அடைப்பாகிவிடும். தயாரிப்பாளர் தராத எதையும் அந்தப் பாதையில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அளவுக்கு மீறி ஆயில் காற்று வழியில் சேர்ந்தால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும். அரிதுதான், ஆனால் ஆபத்து. ஆட்களை விலக்குங்கள். கிட்டே போவது பாதுகாப்பாக இருந்தால் மட்டும் காற்று உறிஞ்சும் வாயை ஒரு தட்டையான பலகையால் மூடுங்கள். கையையோ துணியையோ வைக்காதீர்கள். நின்ற பிறகு, காரணம் தெரியும் வரை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.