நீதிமன்றத்தின் நண்பர்

"வழக்கு இருவருக்கிடையே நடப்பது, மூன்றாமவருக்கு அங்கு என்ன வேலை?" என்று கேட்போர் உளர். அமெரிக்காவிலே பொதுநலச் சட்ட அமைப்புக்கள், தாம் கட்சிக்காரராக இல்லாத வழக்குகளில் 'நீதிமன்றத்தின் நண்பர்' என்ற பெயரில் எழுத்துமூலச் சமர்ப்பணம் செய்வது இவர்களுக்கு அத்துமீறலாகத் தோன்றுகிறது. நடுநிலைப் போர்வை போர்த்த இக்கூற்று அதிகாரத்துக்கே துணைபோவது.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வழக்காடிகளை மட்டுமா கட்டுப்படுத்துகிறது? அது முன்மாதிரியாகி, அம்மன்றின் வாசலையே கண்டிராத இலட்சக்கணக்கானோரின் வாழ்வை நிர்ணயிக்கிறது. விளைவைச் சுமப்பவன் வாய் திறக்கலாகாது என்பது எந்த நியாயம்?

ஒக்லஹோமா மாநிலம் 1910 இல் வாக்காளருக்கு எழுத்தறிவுச் சோதனை விதித்தது. 1866 ஜனவரி 1 இல் வாக்குரிமை பெற்றிருந்தோரின் சந்ததியாருக்கோ விலக்களித்தது. அடிமைத்தளை நீங்கி அப்போதுதான் வெளிவந்த கறுப்பின மக்களிற் பெரும்பாலோருக்கு அந்நாளில் வாக்கு ஏது? பாட்டனுக்கு இழைத்த அநீதியைக் காட்டிப் பேரனின் உரிமையைப் பறித்த தந்திரம் இது. இது குறித்தெழுந்த கின் வழக்கில் ஒருபுறம் மத்திய அரசு, மறுபுறம் தேர்தல் அலுவலர். வாக்கிழந்தவன் கட்சிக்காரனே அல்லன்! 1909 இல் தோன்றிய நிறத்தவர் முன்னேற்றத் தேசிய சங்கமே நண்பராக நின்று அவனுக்காகப் பேசிற்று. 1915 இல் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கைச் செல்லாததாக்கியது.

சட்டத்தரணி தம் கட்சிக்காரரை விடுவிக்கவே வாதாடுவார். அது அவர் கடமை. பொதுப் பிரச்சினை அதில் மறைந்துபோகலாம். 1961 ஆம் ஆண்டு மேப் வழக்கில் எதிரித் தரப்பு ஆபாசப் பிரசுரச் சட்டத்தையே பிரதானமாகத் தாக்கியது. பொலிஸார் முறைகேடாக வீடு புகுந்து கைப்பற்றியவற்றை மாநில நீதிமன்றங்கள் சான்றாக ஏற்க இடமளித்த 1949 ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றுமாறு கேட்டது, நண்பராக வந்த அமெரிக்கக் குடியியல் உரிமை ஒன்றியமே. மன்றம் மாற்றியது.

பணமுடையோரும் இதே வாசலால் நுழைகின்றனரே எனலாம். உண்மை, கம்பனிகளும் முதலாளிமார் சங்கங்களும் கூலி கொடுத்துச் சமர்ப்பணம் எழுதுவிக்கின்றன. ஆதலாற்றான் மக்கள் தரப்பு அவ்விடத்தை வெறுமையாக விடலாகாது.

சமர்ப்பணம் மாத்திரம் விடுதலை தந்துவிடாது என்பதும் மெய்யே. கின் தீர்ப்பின் மறு ஆண்டே ஒக்லஹோமா, 1914 இல் வாக்களியாதோர் 12 நாட்களுக்குள் பதியாவிடின் என்றைக்கும் வாக்கில்லை எனச் சட்டமியற்றியது. அது வீழ 1939 வரை காத்திருக்க நேர்ந்தது. மன்றினுள் நண்பர் எழுதும் எழுத்துக்கு வெளியே திரண்டு நிற்கும் மக்களே வலுவூட்ட வேண்டும்; எழுதுவதும் திரள்வதும் ஒரே போராட்டத்தின் இரு கைகள்.